நிலை வெற்றி, வரிசைகள் பூஜ்யம்

இரண்டே காலுக்கு உட்கார்ந்தேன், நாலு மணிக்குள் பக்கம் வெளியே போயாக வேண்டும், ஒரே ஒரு பக்கம், ஒரே ஒரு கருவியைப் பற்றிய பழைய விளக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும், ஒன்பது வருஷத்தில் இதைப் போல எத்தனையோ எழுதியாகிவிட்டது, ஆனாலும் மதியம் சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் நின்றுகொண்டு இறங்கவும் மாட்டேன் ஏறவும் மாட்டேன் என்கிறது, மேலே ஏசி குழாயிலிருந்து யாரோ அடித்துவிட்ட மல்லிகை வாசனை கொட்டுகிறது, நிஜ மல்லிகைக்கு இப்படி ஒரு வாசனை கிடையாது, இது கழிவறையில் தொங்கவிடுகிற மல்லிகை. துர்நாற்றம் தரும் உணவுகளை அலுவலக மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம் என்று காலையில் மறுபடியும் ஒரு கடிதம் வந்திருந்தது, எல்லோருக்கும் பொதுவாக, அன்புடன், கீழே சிரிக்கிற முகம் போட்டு. துர்நாற்றம் என்றால் மீன். மீன் என்றால் தூத்துக்குடிக்காரி இமெல்டா, வேறு யார். சேர்ந்த முதல் மாதம் ஒரு நாள் சாளைக்குழம்பு சூடாக்கினேன், அதன் பிறகு ஒரு முள்ளைக்கூட இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்ததில்லை, ஆனாலும் அந்தக் கடிதம் வரும்போதெல்லாம் என் கையை நானே முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன், இன்றைக்கும் பார்த்தேன், அந்தச் செய்கையே எனக்குக் குமட்டுகிறது. சரி, எழுது. இந்தக் கருவி என்ன செய்கிறது. மீன் சப்ளை செய்கிற ஒரு கம்பெனிக்கு ஊர் ஊராகக் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது, ஒவ்வொரு கிடங்கிலும் சூட்டைக் கணக்கெடுக்கிற பெட்டி, அந்தப் பெட்டி சொல்வதை மணிக்கொரு முறை எடுத்து வந்து நடுவில் ஓரிடத்தில் சேர்ப்பது எங்கள் மென்பொருளின் வேலை, அதற்கு சிங்க் என்று பெயர். எத்தனை மணிக்கு சிங்க் ஓடியது, என்ன நிலையில் முடிந்தது, எத்தனை வரிசைத் தகவல் வந்தது என்ற பழைய வரலாற்றைக் கேட்டால் எடுத்துத் தருவது இந்தக் கருவி. கேட்பது மனிதர் இல்லை, ஏஜென்ட், சரக்கு லாரியில் ஏறலாமா கூடாதா என்று முடிவு சொல்கிற ஏஐ. அது கிடங்கைப் பார்த்ததில்லை, மீனைத் தொட்டதில்லை, என் பக்கத்தைப் படிக்கும், படித்ததை நம்பும். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வாசகர், ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர்.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும், நானாக இட்டுக்கட்டி எழுதுவதைவிட உண்மையிலிருந்து எடுத்தால் எண்கள் இயல்பாக இருக்கும் என்று கருவியை நானே ஓட்டினேன், மூன்றாம் கிடங்கு, கடைசி பத்து சிங்க். வந்தது. நிலை வெற்றி, வரிசைகள் பூஜ்யம். அடுத்தது, நிலை வெற்றி, வரிசைகள் பூஜ்யம். பத்தும் அப்படியே. பச்சை நிறத்தில் வெற்றி வெற்றி வெற்றி என்று இறங்கிக்கொண்டே போகிறது, பக்கத்தில் பூஜ்யம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. திரையில் அந்தக் கிடங்கின் சூடு ஒன்றரை டிகிரி என்று இருக்கிறது, எப்போது வந்த ஒன்றரை என்று பார்த்தால் நேற்று ராத்திரி வந்தது, அதன் பிறகு பெட்டி வாயே திறக்கவில்லை, நாங்கள்தான் பழைய ஒன்றரையைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். கருவியைக் கட்டிய எஞ்சினியர் நவநீதன் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறான், ஆனால் இங்கே யாரும் எழுந்து போய்ப் பேசுவதில்லை, தட்டச்சு செய்து கேட்டேன், ஒன்றுமே வராதபோது எப்படி இது வெற்றி. உடனே பதில் வந்தது. சிங்க் ஓடிச்சுக்கா, போய்க் கேட்டுச்சு, அங்க ஒண்ணும் இல்ல, இல்லன்னு திரும்பி வந்துச்சு, தடங்கல் ஏதும் வரல, அதனால வெற்றிதான், அப்படித்தான் கட்டியிருக்கு. போய்க் கேட்டது, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது, அதனால் வெற்றி. இந்த வாதத்தில் பிழை சொல்ல முடியாது, வழுவழுவென்று இருக்கிறது, கையில் எடுத்தால் வழுக்குகிறது, பழைய மீனின் மேல் படிகிற கொழகொழப்பு அப்படித்தான் வழுக்கும். அப்பா தூத்துக்குடியில் ஐஸ் ஷெட்டில் வேலை பார்த்தார், எனக்குப் பன்னிரண்டு வயது, சோறு கொண்டுபோனேன், முந்தாநாள் மீனைப் பெட்டியில் அடுக்கி அதன் மேல் அன்றைக்கு வந்த பாறை மீனில் நாலை வைத்து, செவுளைத் தூக்கிச் சிவப்பாகத் தெரிகிற மாதிரி திருப்பி, புது ஐஸை அள்ளிக் கொட்டினார், பெட்டியின் மேல் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியின் பெயர் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது, நான் படிக்கிற பள்ளி. என்னப்பா இது என்று கேட்டேன். மேல கிடக்கத மட்டுந்தாம்ட்டி எல்லாரும் பாப்பாவ, நீ சோத்த வச்சிட்டுப் போ என்றார், கோபமில்லை, ஒளிவுமறைவில்லை, வேலையைச் சொல்லித் தருகிற குரல். அன்றைக்கு அந்தக் கையால் சோறு பிசைந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்தேன். அவரை வெறுத்துத்தான் படித்தேன், மெட்ராஸுக்கு வந்தேன், இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன், சுத்தமான கட்டடத்தில் சுத்தமான வேலை, கண்ணாடிக் கதவு.

இது மார்ச்சுலயே வந்த கேள்விதாங்கா, பாத்து மூடியாச்சு என்று நவநீதன் ஒரு சுட்டியும் அனுப்பினான். மூடியாச்சு என்றால் விட்டுவிட வேண்டியதுதான், மணி இரண்டே முக்கால், பக்கம் பாதிகூட வரவில்லை, ஆனால் விரல் அதன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. மீன் கம்பெனியிலிருந்து வந்த புகார். மார்ச் பதினொன்றாம் தேதி மூன்றாம் கிடங்கிலிருந்து நாற்பது கிலோ அயிலை மீன் செங்கல்பட்டு பக்கத்தில் ஒரு நர்சிங் மாணவிகள் விடுதிக்குப் போயிருக்கிறது, அன்று மதியம் சாப்பிட்டவர்களில் இருபத்துமூன்று பேருக்கு முகம் சிவந்து, வாய் எரிந்து, தலைவலி, வாந்தி, அன்றைய சிங்க் சரியாக ஓடியதா என்று கேட்டிருக்கிறார்கள். அடியில் எங்கள் பதில். சிங்க் வெற்றி, எங்கள் பக்கம் பிழையில்லை, மூடப்பட்டது. முகம் சிவந்து வாய் எரிந்து. அயிலையும் சூரையும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அப்படித்தான் செய்யும், நாற்றம்கூட அடிக்காது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, கடற்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும், அந்தப் பதிலை எழுதியவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. மார்ச் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கருவியை ஓட்டிப் பார்த்தேன், வெற்றி பூஜ்யம் வெற்றி பூஜ்யம், நாலு நாள் முழுவதும். ஏஜென்ட் என்ன சொன்னது என்பதும் பதிவாகியிருக்கும், எதைப் படித்து அப்படிச் சொன்னது என்பதும் கூடவே இருக்கும், அதையெல்லாம் பார்க்க எனக்கு அனுமதி உண்டு, என் எழுத்து அதற்குப் புரிகிறதா என்று சோதிப்பதற்காகக் கொடுத்த அனுமதி. பார்த்தேன். மார்ச் பதினொன்று, காலை ஐந்து நாற்பது. மூன்றாம் கிடங்கின் தகவல் நடப்பில் உள்ளது, சூடு ஒன்றரை டிகிரி, சரக்கை அனுப்பலாம். காரணம், கருவியின் விளக்கப் பக்கம் கூறுவதாவது, நிலை வெற்றி என்றிருந்தால் தகவல் நடப்பில் உள்ளது என்று கொள்ளவும். அந்த வாக்கியத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை, படிக்க வேண்டியிருக்கவில்லை, கொள்ளவும் என்று முடிகிற அந்த மிடுக்கு யாருடையது என்று எனக்குத் தெரியும். மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தது. ஒரு எழுத்து மாற்றாமல்.

எழுந்து கழிவறைக்குப் போனேன், கையைக் கழுவினேன், சோப்பில் எலுமிச்சை வாசனை, மறுபடி கழுவினேன், கண்ணாடியில் பார்க்காமல் வந்துவிட்டேன். போன ஆகஸ்டில் எழுதியது. முதலில் எழுதியபோது அது நீளமான வாக்கியம், நிலையையும் பார்க்கவும், வரிசை எண்ணிக்கையையும் பார்க்கவும், பூஜ்யம் என்றால் என்று ஏதோ தொடர்ந்தது, என் மேனேஜர் சுதர்சனம் அதைப் படித்துவிட்டு ஏஜென்டுக்கு இவ்வளவு சொன்னால் குழம்பும், இறுக்கமாக எழுதுங்கள் என்றார். நான் வாதாடவில்லை. வாதாடினேனா, இல்லை, அன்று சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும், மூக்கில் அழுத்தாத புது ஃபிரேம் எடுத்து வைத்திருந்தார்கள், கடை ஏழு மணிக்கு மூடும், பாதி வாக்கியத்தை வெட்டினேன், வெட்டியதும் வாக்கியம் அழகாக நின்றது, அதை நினைத்தால்தான் இப்போது நாக்கு புளிக்கிறது, அழகாக நின்றது என்று சந்தோஷப்பட்டேன். சுதர்சனம் ஒரு கைதட்டல் படம் அனுப்பினார். அந்த ஃபிரேம்தான் இப்போது மூக்கின் மேல் இருக்கிறது. இருபத்துமூன்று பெண்கள், வரிசையாக வாஷ்பேசினில் குனிந்துகொண்டு, ஒருத்தி தலைமுடியை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு, தரையில் சோறு, புளித்த வாடை, அதை யார் கழுவினார்கள், யாரோ ஒருவர் வாளியும் துடைப்பமுமாக வந்திருப்பார். அப்பாவுக்காவது பெட்டியைத் தொட வேண்டியிருந்தது. ஐஸில் கை மரத்துப்போக வேண்டியிருந்தது, நாற்றத்தில் நிற்க வேண்டியிருந்தது, அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று அவருக்குத் தெரியும், தெரிந்தே செய்தார். நான் எலுமிச்சை சோப்பு வாசனையோடு செய்தேன். எது கேவலம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், மூன்று இருபது ஆகிறது, யோசித்தால் யோசனையும் அதே இடத்தில் சுற்றி வந்து நிற்கிறது, வெற்றி என்றிருந்தால், நடப்பில் உள்ளது என்று, கொள்ளவும், கொள்ளவும், இப்போது இந்த நிமிஷம் மூன்றாம் கிடங்கில் நேற்று ராத்திரியிலிருந்து பெட்டி ஊமையாக இருக்கிறது, பக்கத்தில் பழைய வாக்கியம் இன்னும் உயிரோடு இருக்கிறது, சாயங்காலச் சரக்கு ஐந்து மணிக்கு ஏறும்.

எழுதினேன். வெற்றி என்றால் சிங்க் போய் வந்தது என்று மட்டுமே பொருள். வரிசைகள் பூஜ்யம் என்றால் கிடங்கிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. அப்போது திரையில் தெரியும் சூடு பழையது. அதை நம்பிச் சரக்கை அனுப்பாதே. ஒரு மனிதர் போய்ப் பார்க்கும்வரை நிறுத்தி வை. இறுக்கமும் இல்லை, மிடுக்கும் இல்லை, பக்கத்தின் ஆங்கிலப் பிரதியில் இன்னும் மோசமாக இருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி. யாரிடமும் காட்டவில்லை, காட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். மூன்றே முக்காலுக்கு வெளியிட்டேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஏஜென்ட் நாலு கிடங்கின் சரக்கை நிறுத்திவிட்டது. அவ்வளவு சீக்கிரம் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. நாலு ஐந்துக்கு சுதர்சனம் என் மேசைக்கு வந்துவிட்டார், அவர் நடந்து வந்து நான் பார்த்தது அபூர்வம், வாயில் ஏலக்காய் மணம், குனிந்து மெதுவாகப் பேசினார், மீன் கம்பெனியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள், நாலு லாரி நிற்கிறது, விளக்கத்தை மாற்றும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இப்போதைக்குப் பழையபடி ஆக்கிவிட்டுப் பிறகு பேசிக்கொள்ளலாம். மாற்றுகிற அனுமதி அவருக்கும் இருக்கிறது. ஒரு பொத்தான். ஆனால் அழுத்தினால் பக்கத்தின் வரலாற்றில் அவர் பெயர் விழும், மணியோடு, தேதியோடு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நொடி ஆனது, புரிந்ததும் அந்த ஏலக்காய் மணம் தாங்க முடியவில்லை, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"நான் மாத்தமாட்டேன். நீங்க உங்க பேர்லயே மாத்துங்க சுதர்சனம்."

அவர் நிமிர்ந்தார். நீங்கள் டென்ஷனாக இருக்கிறீர்கள் என்றார், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார், இந்த வருஷம் உங்கள் மதிப்பீடு என் கையில்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டதை நான் பார்க்கும்படி நிறுத்திக்கொண்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நவநீதன் எழுந்து வந்தான், தட்டச்சு செய்யாமல் வாயாலேயே சொன்னான், முகம் வெளுத்திருந்தது. மூன்றாம் கிடங்குக்கு ஆள் போய்க் கை வெப்பமானி வைத்துப் பார்த்தார்களாம், பதினொரு டிகிரியாம், ராத்திரியே கம்ப்ரஸர் நின்றிருக்கிறது, பெட்டிக்கும் அதே கரண்டாம். பயந்து போயிருந்த சுதர்சனத்தின் முகம் மெல்ல மெல்ல வேறு ஒன்றாக மாறுவதைப் பார்த்தேன், கன்னம் தளர்ந்தது, கண் அகலமானது, சிரித்தே விட்டார். நல்ல வேலை இமெல்டா என்றார். இதை வாடிக்கையாளர்களுக்குப் போகிற வெளியீட்டுக் குறிப்பில் போட்டுவிடலாம், ஏஜென்டுக்கான பாதுகாப்பு வழிகாட்டுதல் மேம்படுத்தப்பட்டது என்று, மீன் கம்பெனியிடமும் நாமே கண்டுபிடித்துத் தடுத்தோம் என்று சொல்லலாம், சந்தோஷப்படுவார்கள்.

"மார்ச்?" என்று கேட்டேன்.

"அது மூடின விஷயம். அத எதுக்கு இப்ப இதோட சேக்கணும்?"

மேம்படுத்தப்பட்டது. நாலு லாரியை நிறுத்தியது போய், கெட்டதெல்லாம் அடியில் போய், மேலே புதிதாக ஒரு சொல். நவநீதன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். சுதர்சனம் அந்த ஒரு வரியை மட்டும் ஐந்துக்குள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், போகும்போது மேசையை இரண்டு தட்டுத் தட்டினார், பாராட்டு. வாந்தி வரும் என்று நினைத்தேன், வரவில்லை, வந்திருந்தால் தேவலை. மார்ச் புகாரை மறுபடி திறந்து கீழே கீழே போனேன், மூடப்பட்டது என்ற சொல்லுக்கும் கீழே இணைத்திருந்த தாளில் விடுதி வார்டனின் பெயர் இருந்தது, சற்குணம், பக்கத்தில் கைபேசி எண். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன், அங்கே மல்லிகை இல்லை, சூடாகச் சுண்ணாம்பு வாடை, கூப்பிட்டால் என்ன சொல்வேன் என்று தெரியாமலே கூப்பிட்டேன், எடுத்துவிட்டார்கள்.

யார் பேசுவது என்று கேட்டார்கள், வயதான பெண்குரல், சற்குணம்தான், பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம். என் பெயரைச் சொன்னேன், மீன் கம்பெனி இல்லை, அவர்களுடைய கம்ப்யூட்டரில் எது சரி எது தப்பு என்று எழுதிக் கொடுக்கிற இடத்திலிருந்து என்றேன், மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி உங்களுக்கு வந்த அயிலை கெட்டுப்போயிருக்க வேண்டும், கிடங்கில் குளிர் இருந்ததா என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாது, தெரியாததைச் சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது, அப்படிச் சொல்லச் சொல்லி எழுதி வைத்தது நான்தான். குழறிக்குழறிச் சொன்னேன், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். பிள்ளைகளெல்லாம் மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள் என்றார் அந்த அம்மாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்கு மீன் கம்பெனிக்காரன் ஒரு தாள் கொண்டுவந்து நீட்டினானாம், சரக்கு ஒன்றரை டிகிரியில் இருந்தது, தகவல் நடப்பில் உள்ளது என்று கம்ப்யூட்டர் அச்சடித்த தாள், அதைப் பார்த்ததும் மீன் நல்ல மீன், அடுப்படியில்தான் கோளாறு என்று நிர்வாகம் முடிவு கட்டிவிட்டது. சமைத்தது அஞ்சலாட்சி, பதினாலு வருஷமாக அங்கே இருந்தவள், அத்தனை வாந்தியையும் அன்று கழுவிவிட்டதும் அவள்தான். மறுநாள் நிறுத்திவிட்டார்கள். அவள் கை பட்ட பாத்திரத்தையெல்லாம் பிள்ளைகள் வெளியே தூக்கிப் போட்டார்களாம், கை சுத்தமில்லாதவள் என்று ஊர் முழுக்கப் பேச்சு, வேறு எந்த அடுப்படியிலும் சேர்க்கவில்லை, போன மாதம் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கப் போனபோது அதற்குக்கூட யாரோ வேண்டாம் என்றார்களாம்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்த அம்மாள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அத அப்படியே எழுதித் தருவீங்களா? உங்க பேரு போட்டு, கையெழுத்து வச்சு?"

வேலை போகும் என்று நினைத்தேன், நினைத்தது உண்மை, வீட்டு வாடகை, தம்பிக்கு அனுப்புகிற பணம், எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, சற்குணம் அம்மாள் கேட்ட குரலில் கெஞ்சலும் இல்லை மிரட்டலும் இல்லை. தருகிறேன் என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி நாலு ஐம்பது, சுதர்சனம் கேட்ட ஒரு வரி அனுப்பப்படாமல் கிடந்தது, அதைத் தள்ளிவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தேன், பேனாவைத் தேட வேண்டியிருந்தது. தமிழில் எழுத வேண்டும், அஞ்சலாட்சி படிக்கிறாளோ இல்லையோ, அவளுக்குப் படித்துக் காட்டுகிறவர்களுக்குப் புரிய வேண்டும். இடம், தேதி. மார்ச் பதினொன்றாம் தேதி விடுதியில் மாணவிகளுக்கு உடல்நலம் கெட்டதற்குச் சமையல் செய்த அஞ்சலாட்சி அம்மாள் காரணம் அல்ல. மீன் வரும்போதே கெட்டிருந்தது, அது தெரியாதபடி ஆனதற்குக் காரணம், என்று எழுதி, தவறான தகவல் வழங்கப்பட்டதே, என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். வழங்கப்பட்டதே. கோடு போட்டு அடித்தேன், அடியில் தெரிந்ததால் இன்னொரு முறை அழுத்தி அடித்தேன், பக்கத்தில் நான் என்று எழுதினேன்.